ஒளியின் எல்லையை அளந்த எர்ன்ஸ்ட் ஆபே

மனிதனுடைய கண் மிக நுட்பமான பொறியாகும். எனினும் அதன் ஆற்றலுக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு மில்லிமீட்டரைப் பத்துக் கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறு அளவுள்ள பொருளைக் கண் முயன்று காணும். அதனினும் மிகச் சிறியவை அதற்குப் புலப்படா. குளத்து நீரின் ஒரு துளியில் நீந்தும் சிற்றுயிர்களையும், வெங்காயத் தோலில் செங்கல் அடுக்கியதுபோல் அமைந்துள்ள உயிரணுக்களையும் காண விரும்பிய மனிதன் வில்லைகளின் துணையை நாடினான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இராபர்ட் ஹுக்கும், ஹாலந்தில் லீவன்ஹுக்கும் நுண்ணோக்கியின் வழியே அதுவரை எவரும் அறியாத ஓர் உலகத்தைக் கண்டு கூறினர்.

அதன்பின் இருநூறு ஆண்டுகள் உருண்டோடின. அக்காலமெல்லாம் நுண்ணோக்கி செய்வோர் பெரும்பாலும் தம் கைத்திறத்தையும் பழக்கத்தையுமே நம்பித் தொழில் புரிந்தனர். அக்கருவி உருவத்தை எவ்வாறு தோற்றுவிக்கிறது, எவ்வளவு சிறிய பொருளை அதனால் காட்ட இயலும் என்னும் வினாக்களுக்குத் தெளிவான விடை கிடைத்திலது. அவ்விடையைக் கணித வழியில் கண்டு, ஒளியின் ஆற்றலுக்கு எல்லை இதுவென அளந்து கூறியவர் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஆபே ஆவார். ஒளியின் எல்லையை அளந்த அப்பெரியார், மனிதனுடைய உழைப்பிற்கும் ஓர் எல்லை உண்டென்பதை அளந்து காட்டினார். அவருடைய வாழ்க்கை அறிவும் அன்பும் ஒருங்கே வளர்ந்த வரலாறாகும்.

இளமை

ஜெர்மனி நாட்டின் நடுவே துரிங்கியா என்னும் காடடர்ந்த நிலப்பகுதி உள்ளது. அப்பகுதியைச் சேர்ந்த ஐசனாக் என்னும் ஊரில் 1840ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23ஆம் நாள் ஆபே பிறந்தார். அவருடைய தந்தையார் அவ்வூரிலிருந்த நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்து வந்தார். அந்நாளில் தொழிலாளரின் வேலை நேரத்திற்கு வரம்பு ஏதும் இல்லை. வாணிகம் மந்தமாக இருந்த காலத்தில் காலை 5 மணி முதல் மாலை 7 மணி வரையிலும், வாணிகம் செழித்த காலத்தில் காலை 4 மணி முதல் இரவு 8 மணி வரையிலும் அவர்கள் உழைத்தனர். நண்பகல் உணவிற்கென ஓய்வு அளிக்கப்படுவதில்லை.

சிறுவன் ஆபேயும் அவனுடைய இளைய தங்கையும் மாறி மாறித் தந்தையாருக்கு உணவு எடுத்துச் செல்வது வழக்கம். ஐந்து வயது முதல் ஒன்பது வயது வரை ஆபே இவ்வேலையைச் செய்தான். தந்தையார் இயந்திரத்தின்மீது சாய்ந்து நின்றபடியோ, அருகில் கிடந்த பெட்டியொன்றன்மேல் அமர்ந்தோ அவ்வுணவை விரைந்து உண்பார். ஏனத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு அக்கணமே வேலைக்குத் திரும்புவார். அவர் நெடிய தோற்றமும் குன்றாத வலிமையும் வாய்ந்தவர். எனினும் ஐம்பது வயதை எட்டுமுன்னரே அவருடைய உடல் தளர்ந்தது. நடையிலும் தோற்றத்திலும் முதுமை வந்து குடிகொண்டது. காலி ஏனத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்பிய சிறுவனுடைய உள்ளத்தில் இக்காட்சி ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் ஆற்றிய அருஞ்செயல்களுள் ஒன்றிற்கு இதுவே வித்தாயிற்று.

கல்வி

வறிய குடும்பத்துப் பிள்ளைகள் இளமையிலேயே ஆலைக்குச் செல்வது அந்நாளைய இயல்பு. ஆனால் ஆபேயின் அறிவுக்கூர்மை ஆசிரியர்களின் கண்ணில் பட்டது. ஆலை உரிமையாளரும் அவனுடைய கல்விக்குப் பொருளுதவி செய்தார். 1857ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்த ஆபே, யேனா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் இயற்பியலும் பயின்றார். பின்னர் 1859இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். கணித மேதை ரீமான், மின்னியலறிஞர் வில்ஹெல்ம் வெபர் ஆகியோரிடம் பாடங்கேட்கும் வாய்ப்பு அங்கு அவருக்குக் கிட்டியது. உதவித்தொகையும், பிறருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பெற்ற சிறு பொருளுமே அவருடைய மாணவ வாழ்க்கையைத் தாங்கின.

1861ஆம் ஆண்டு, தமது இருபத்தோராம் வயதில், வெப்பத்திற்கும் இயந்திர வேலைக்கும் உள்ள தொடர்பைப்பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். 1863இல் யேனா பல்கலைக்கழகம் அவரை விரிவுரையாளராக ஏற்றுக்கொண்டது. அளவைகளில் நேரும் பிழைகள் எவ்வாறு பரவியமைகின்றன என்பதே அப்போது அவர் அளித்த ஆராய்ச்சிக் கட்டுரையின் பொருள். எதனையும் அளந்து பார்த்தல், அளவில் நேரும் பிழையையும் அளந்து பார்த்தல் என்னும் நற்பழக்கம் இவ்வாறு இளமையிலேயே அவரிடம் வேரூன்றியது.

சைஸின் பட்டறை

யேனா நகரில் கார்ல் சைஸ் என்பவர் 1846ஆம் ஆண்டு முதல் கருவிப் பட்டறை ஒன்றை நடத்தி வந்தார். அவர் நேர்மையும் கைத்திறனும் மிக்கவர். 1866ஆம் ஆண்டில் அவருடைய பட்டறையிலிருந்து ஆயிரமாவது நுண்ணோக்கி வெளிவந்தது. ஆயினும் அவர் மனம் நிறைவு கொள்ளவில்லை. அக்காலத்தில் வில்லைகளைத் தேய்த்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, உருவம் தெளிவாக அமையும்வரை மாற்றி மாற்றி அடுக்குவதே முறையாக இருந்தது. ஒரு முறை நன்கு அமைந்த கருவி மறுமுறை அவ்வாறு அமையாது. குயவன் சக்கரத்தில் பானை வனைவதுபோல், ஒவ்வொன்றும் கைப்பதத்தையே சார்ந்திருந்தது. கணிதத்தின் துணையால் முன்கூட்டியே கணக்கிட்டு வில்லைகளைச் செய்ய இயலாதா என்று சைஸ் ஏங்கினார். தகுந்த கணித அறிஞரின் துணையைத் தேடிய அவர், 1866இல் இளம் விரிவுரையாளராகிய ஆபேயை அணுகினார். அப்பொழுது சைஸுக்கு வயது ஐம்பது. ஆபேக்கு வயது இருபத்தாறு.

ஆபே முதலில் பட்டறையின் வேலை முறையையே மாற்றியமைத்தார். கண்ணாடியின் ஒளிவிலகலை அளப்பதற்கும், வில்லையின் குவியத் தொலைவை அளப்பதற்கும், வில்லை ஏற்கும் ஒளிக்கூம்பின் அகலத்தை அளப்பதற்கும் தனித்தனிக் கருவிகளைப் படைத்தார். ஒரு தொழிலாளி ஒரு நுண்ணோக்கியை முழுவதும் செய்வதற்கு மாறாக, ஒவ்வொருவரும் ஒவ்வொரு கூறினைச் செவ்வையாகச் செய்யும் முறை பட்டறையில் ஓங்கியது. கணக்கின்படி வில்லை அமைந்தால் கருவி ஒருபோதும் பிழைபடாது என்பது ஆபேயின் நம்பிக்கை.

தோல்வி காட்டிய உண்மை

அந்நம்பிக்கைக்குப் பேரிடி ஒன்று காத்திருந்தது. வில்லையின் ஓரங்களின் வழியே வரும் ஒளிக்கதிர்களே உருவத்தைக் கலக்குகின்றன என்பது அந்நாளைய கருத்து. ஆதலின் ஆபே ஒளிக்கூம்பைக் குறுக்கி, நடுப்பகுதிக் கதிர்கள் மட்டும் செல்லுமாறு வில்லைகளைக் கணக்கிட்டார். தொழிலாளரும் அக்கணக்கின்படியே பெரும் பாடுபட்டு வில்லைகளைச் செய்து முடித்தனர். ஆனால் நுண்ணோக்கியில் பொருத்திப் பார்த்தபொழுது, பழைய முறையில் தடவித் தடவிச் செய்த வில்லைகள் காட்டிய நுண்ணிய கோடுகளைக்கூட இப்புதிய வில்லைகள் காட்டவில்லை. கணக்கில் பிழை இல்லை. கைவேலையிலும் குறை இல்லை. எனினும் உருவம் மங்கியிருந்தது. உழைப்பும் பொருளும் வீணாயின.

வேறொருவராயின் மனம் சோர்ந்து அம்முயற்சியைக் கைவிட்டிருப்பர். அல்லது தம் கணக்கை மறைத்துவிட்டுப் பழைய முறைக்கே திரும்பியிருப்பர். ஆபே அவ்வாறு செய்யவில்லை. தோல்வியையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். மெல்லிய கோடுகள் நெருக்கமாகக் கீறப்பட்ட கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியின்கீழ் வைத்தார். வில்லையின் பின்புறத்தை நோக்கியபொழுது, நேரே வரும் ஒளிக்கற்றையின் இருமருங்கும் வேறு சில கற்றைகளும் விரிந்து வருவதைக் கண்டார். பக்கக் கற்றைகளை அட்டையால் மறைத்தார். உடனே கோடுகள் யாவும் மறைந்து, வெற்று வெளிச்சமே எஞ்சியது. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கற்றைகளை மறைத்தார்; தகட்டில் உள்ளவற்றைப்போல் இருமடங்கு கோடுகள் பொய்யாகத் தோன்றின.

உண்மை அவருக்கு விளங்கியது. ஒளி அலைவடிவானது. கோடுகளுக்கிடையே புகும்பொழுது அது பக்கங்களில் வளைந்து பரவுகிறது. கோடுகள் எவ்வளவு நெருங்கியுள்ளனவோ, அவ்வளவு அகலமாக அக்கற்றைகள் விரிகின்றன. அவ்வாறு விரிந்த கற்றைகளை வில்லை ஏற்றுக்கொண்டாலன்றி உருவம் தோன்றாது. ஆபே எவற்றை இடையூறென எண்ணி ஒதுக்கினாரோ, அந்த ஓரக் கதிர்களே நுண்ணிய செய்திகளைச் சுமந்து வருவன. அவற்றை விலக்கியதனாலேயே உருவம் மங்கிற்று.

ஒளியின் எல்லை

1873ஆம் ஆண்டில் ஆபே தம் கொள்கையை வெளியிட்டார். அதிலிருந்து ஓர் அரிய முடிவு வெளிப்பட்டது. நுண்ணோக்கியால் பிரித்துக் காட்டக்கூடிய இரு புள்ளிகளுக்கிடையேயுள்ள தொலைவு, ஒளியின் அலைநீளத்தையும் வில்லை ஏற்கும் ஒளிக்கூம்பின் அகலத்தையும் பொறுத்தது. கூம்பின் அகலத்தை ஓரளவிற்குமேல் பெருக்க இயலாது. ஆகவே, அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதியளவிற்குள் நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளை, வில்லைகளை எத்துணைத் திருத்தமாகச் செய்தாலும் தனித்தனியே காண முடியாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பொறுத்தவரை இவ்வெல்லை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐயாயிரத்தில் ஒரு பங்காகும்.

ஓர் உவமையால் இதனை விளக்கலாம். கடலலை பெரிய கப்பலின்மீது மோதினால், கப்பலுக்கு மறுபுறத்தில் அமைதியான நீர்ப்பரப்பு உண்டாகும். அதனைக் கொண்டு கப்பல் நிற்பதை உணரலாம். அதே அலை நீரில் நட்ட மெல்லிய கோலைக் கடந்து செல்லும்பொழுது, கோல் இருந்த சுவடே தெரியாமல் மறுபுறத்தில் ஒன்றுகூடிவிடும். தன்னைவிட மிகச் சிறிய பொருளின் செய்தியை அலை எடுத்துச் செல்வதில்லை. ஒளியலையும் அத்தகையதே.

அடுத்த ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞரும் தனியே ஆராய்ந்து இதே முடிவிற்கு வந்தார். எல்லை இதுவெனத் தெரிந்தபின், அவ்வெல்லைவரை செல்லும் வழியும் தெரிந்தது. பொருளுக்கும் வில்லைக்கும் இடையே காற்றிற்கு மாறாகக் கண்ணாடியைப் போன்றே ஒளியை விலக்கும் எண்ணெயை இட்டால், மேலும் அகன்ற ஒளிக்கூம்பு வில்லையினுள் புகும். இங்கிலாந்து நாட்டு ஸ்டீபென்சன் என்பவர் கூறிய இக்கருத்தை ஏற்று, 1878இல் எண்ணெயில் தோயும் வில்லையை ஆபே உருவாக்கினார். பொருளின்மேல் ஒளியைக் குவிக்கும் துணைக்கருவி ஒன்றையும் அவர் முன்னரே அமைத்திருந்தார்.

இவ்விரண்டையும் மருத்துவ அறிஞர் இராபர்ட் காக் ஆர்வத்துடன் ஏற்றுக்கொண்டார். நுண்ணிய நோய்க்கிருமிகளைத் தேடும் பணியில் ஆபேயின் கருவிகள் அவருக்குப் பெருந்துணை புரிந்தன. காசநோயின் கிருமியை 1882இல் அவர் கண்டறிந்து அறிவித்தார். 1884இல் இந்தியாவிலுள்ள கல்கத்தா நகரில் தங்கி, வாந்திபேதிக்குக் காரணமான கிருமியையும் ஆராய்ந்து தெளிவுபடுத்தினார். பல்லாயிரம் மக்களைக் கொன்ற பகைவர்கள் இவ்வாறு கண்ணுக்குப் புலனாயினர்.

மூவர் கூட்டு

வில்லை செய்தற்குரிய கண்ணாடியிலும் குறை இருந்தது. வெள்ளொளியிலுள்ள பல நிறங்களும் வில்லையைக் கடந்தபின் ஒரே இடத்தில் குவிவதில்லை. ஆதலின் உருவத்தின் ஓரங்களில் நிறங்கள் சிந்தின. கணிதத்தால் இக்குறையை நீக்க முடியாது. புதுவகைக் கண்ணாடி தேவையாயிற்று. 1879இல் ஆட்டோ ஷாட் என்னும் இளைஞர், தாம் உருக்கிய புதுக் கண்ணாடியின் துண்டொன்றை ஆராயுமாறு ஆபேக்கு அனுப்பினார். அத்துண்டு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. எனினும் ஆபே அவரை ஊக்கினார். 1882இல் ஷாட் யேனாவிற்கே வந்து சேர்ந்தார். 1884இல் அங்குக் கண்ணாடித் தொழிற்சாலை தோன்றியது. ஷாட் உருக்கிய புதிய கண்ணாடிகளையும், புளோரைட்டு என்னும் படிகத்தையும் கொண்டு, நிறப்பிழை மிகக் குறைந்த வில்லைகளை 1886இல் ஆபே வெளியிட்டார்.

சைஸின் கைத்திறன், ஆபேயின் கணிதம், ஷாட்டின் வேதியியல் ஆகிய மூன்றும் ஒன்றுகூடியதனாலேயே இவ்வெற்றி கிட்டியது. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் நிறைவு செய்தார். யேனா என்னும் சிறு நகரம் உலகெங்கும் புகழ்பெற்றது.

தொழிலாளரின் தோழர்

1870இல் பல்கலைக்கழகம் ஆபேயைப் பேராசிரியராக உயர்த்தியது. தம் ஆசிரியர் ஸ்னெல் என்பவரின் மகளாரை 1871இல் அவர் மணந்தார். சைஸ் தம் தொழிலில் அவரைப் பங்காளியாகவும் சேர்த்துக்கொண்டார். பெர்லின் நகரில் பெரும் பதவி தருவதாக ஹெல்ம்ஹோல்ட்ஸ் அழைத்தும் ஆபே யேனாவை விட்டுச் செல்ல இசையவில்லை. செல்வம் பெருகியது. நூற்பாலைத் தொழிலாளியின் மகன் பெருஞ்செல்வர் ஆனார்.

செல்வம் வந்தபொழுது மனிதனுடைய உண்மையான இயல்பு வெளிப்படும். 1888ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சைஸ் காலமானார். அடுத்த ஆண்டிலேயே ஆபே ஓர் அறநிலையத்தை நிறுவினார். அதற்குத் தம் பெயரைச் சூட்டாமல் மறைந்த நண்பரின் பெயரையே சூட்டினார். 1891இல் தொழிலில் தமக்கிருந்த பங்கு முழுவதையும் அவ்வறநிலையத்திற்கு உரிமையாக்கிவிட்டார். உரிமையாளராக இருந்தவர் ஊதியம் பெறும் நிருவாகிகளுள் ஒருவரானார். ஆராய்ச்சியாலும் பலருடைய உழைப்பாலும் விளைந்த செல்வம் தனியொருவரின் சொத்தாகாது என்பது அவருடைய உறுதியான கொள்கை.

1896இல் அறநிலையத்திற்கு அவர் வகுத்த சட்டம் அந்நாளில் பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. வேலைக்கு ஆள் எடுக்கும்பொழுது ஒருவருடைய குலத்தையோ, சமயத்தையோ, அரசியல் கட்சியையோ பார்த்தல் கூடாது; தொழிலாளருக்கு ஊதியத்துடன் கூடிய விடுமுறையும், முதுமையில் ஓய்வூதியமும், இலாபத்தில் பங்கும் உண்டு; நிருவாகிகள் எவரும் தொழிலாளரின் சராசரி வருவாயைப்போல் பத்து மடங்கிற்குமேல் பெறுதல் கூடாது; இவை அச்சட்டத்தின் கூறுகள். எஞ்சிய வருவாயில் ஒரு பகுதி யேனா பல்கலைக்கழகத்திற்கும், நகர மக்களின் நன்மைக்கும் பயன்பட்டது.

1900ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், சைஸ் தொழிற்சாலையின் வேலை நேரம் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைக்கப்பட்டது. வேலை நேரம் குறைந்தால் உற்பத்தியும் குறையும் எனப் பலர் அஞ்சினர். ஆபே இதிலும் அளவையையே துணைக்கொண்டார். செய்த வேலைக்கேற்பக் கூலி பெறும் 233 தொழிலாளரின் கணக்கை, மாற்றத்திற்கு முந்திய ஆண்டிற்கும் பிந்திய ஆண்டிற்கும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் அவர்கள் செய்த வேலை ஏறக்குறைய நூற்றுக்குப் பதினாறு பங்கு உயர்ந்திருந்தது. எனவே எட்டு மணி நேரத்தில் விளைந்த வேலை, முன்பு ஒன்பது மணி நேரத்தில் விளைந்ததினும் சற்று மிகுதியாகவே இருந்தது.

இதன் காரணத்தையும் அவர் ஆராய்ந்து உரைத்தார். பகலில் ஏற்படும் களைப்பு, இரவு ஓய்வில் முழுவதும் நீங்குதல் வேண்டும். நீங்காமல் எஞ்சும் களைப்பு, நாள்தோறும் கடன்போல் ஏறிக்கொண்டே சென்று, இறுதியில் மனிதனை முறித்துவிடும். நூற்பாலையில் நின்றபடி உணவு உண்ட ஒரு தந்தையின் தளர்ந்த உருவம், இக்கணக்கை எழுதிய மகனின் மனக்கண்முன் நின்றிருக்க வேண்டும்.

இறுதி நாட்கள்

தொழிலாளரின் ஓய்வைப் பேணிய ஆபே, தம் உடல்நலத்தைப் பேண மறந்தார். இடையறாத உழைப்பால் நலம் குன்றி 1903இல் பொறுப்புகளிலிருந்து விலகினார். 1905ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14ஆம் நாள், யேனா நகரில் அவருடைய ஆவி பிரிந்தது. அவர் சேர்ந்தபொழுது சிறு பட்டறையாக இருந்த தொழிலகத்தில் அப்பொழுது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தனர். அவர் கண்ட எல்லையைக் குறிக்கும் சூத்திரம் யேனா நகரில் அவருடைய நினைவுக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.

எல்லைக்கு அப்பால்

கல்லில் பொறித்த அவ்வெல்லை ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக அறிவியலாரைத் தடுத்து நிறுத்தியது. கிருமிகள் பல அவ்வெல்லைக்கு இப்பால் இருந்தன. ஆனால் உயிரணுவிற்குள் தொழிற்படும் புரதங்களும், வைரஸ் எனப்படும் நுண்மங்கள் பலவும் அதற்கு அப்பால் மறைந்திருந்தன. 1931இல் பெர்லின் நகரில் தோன்றிய எலக்ட்ரான் நுண்ணோக்கி அவற்றைக் காட்டியது உண்மையே. ஆனால் அக்கருவியில் வைப்பதற்கு உயிரணுவை உலர்த்தியோ உறையவைத்தோ மெல்லியதாகச் சீவி, காற்றில்லா இடத்தில் வைத்தல் வேண்டும். உயிரணு இறந்துவிடும். ஓடும் ஆற்றை உறையவைத்துவிட்டு அதன் ஓட்டத்தை அறிய இயலாது அன்றோ? உயிருள்ளதை உயிரோடு காண ஒளியே வேண்டும். ஒளிக்கோ எல்லை உண்டு.

ஆபே தம் காலத்துக் கருவிகளையும் முறைகளையும் கொண்டே அவ்வெல்லையைக் கணித்தார். எதிர்காலத்தில் மனித அறிவு முற்றிலும் வேறான வழிகளைக் கண்டு அதனைக் கடத்தல்கூடும் என்பதை அவர் மறுக்கவில்லை. அவ்வழி மெல்ல மெல்லத் திறந்தது.

கார்த்திகைத் திருநாளன்று தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு, ஒரு வீட்டு வாயிலில் நெருங்கி வைத்த பல அகல்விளக்குகள் ஒரே ஒளியாகத் தோன்றும். எல்லா விளக்குகளும் ஒருங்கே எரியும்வரை அவற்றைப் பிரித்தறிய இயலாது. ஒன்றை மட்டும் எரியவிட்டு ஏனையவற்றை மறைத்தால், அதன் இடத்தை நன்கு குறிக்கலாம். இவ்வாறே ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தால் எல்லா விளக்குகளின் இடமும் தெரிந்துவிடும். உயிரணுவிலுள்ள மூலக்கூறுகளுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, அவற்றைத் தனித்தனியே ஒளிரவும் அணையவும் செய்வதே புதிய முறைகள் பலவற்றின் அடிப்படை.

அமெரிக்க அறிஞர் வில்லியம் மோர்னர் 1989இல் ஒரே மூலக்கூறு ஒளியை உட்கொள்வதை அளந்து காட்டினார். எரிக் பெட்சிக் என்பவர் 2006இல், ஒவ்வொரு முறையும் சில மூலக்கூறுகளை மட்டும் ஒளிரச் செய்து, ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்து ஒரே நுண்படமாக ஆக்கினார். ஸ்டெபான் ஹெல் என்பவர் வேறு வழியில் சென்றார். ஓர் ஒளிக்கற்றையால் மூலக்கூறுகளை ஒளிரச் செய்து, வளையம்போன்ற மற்றொரு கற்றையால் ஓரத்திலுள்ளவற்றை அணைத்து, நடுவே எஞ்சும் சிறு புள்ளியை மட்டும் காணலாம் என 1994இல் அவர் கூறினார். 2000இல் செய்தும் காட்டினார். இம்மூவரும் 2014ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசைப் பெற்றனர். ஹெல் இதனைச் செய்து காட்டிய நகரம் கோட்டிங்கன். மாணவர் ஆபே ரீமானிடம் பாடங்கேட்ட அதே நகரம். மாட்ஸ் குஸ்டாஃப்சன் என்பவர் மற்றொரு முறையைச் செம்மைப்படுத்தினார். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் அகன்ற பட்டைகள் தோன்றும். அதுபோல், கோடுகோடான ஒளியைப் பொருளின்மேல் வீழ்த்தி, தோன்றும் பட்டைகளிலிருந்து மறைந்துள்ள நுட்பங்களைக் கணக்கிடலாம் என அவர் 2000இல் காட்டினார்.

ஆயினும் ஒவ்வொரு முறையிலும் ஒரு குறை இருந்தது. வளைய ஒளி முறைக்கு மிகு ஒளி தேவை; அது உயிரணுவை வருத்தும். ஆயிரம் படங்களைச் சேர்க்கும் முறைக்கு நேரம் மிகுதி. படம் முடியுமுன் உயிரணுவின் உறுப்புகள் இடம் பெயர்ந்துவிடும். கோட்டொளி முறை விரைவானது, மென்மையானது. ஆனால் பழைய எல்லையைப் பாதியாகக் குறைப்பதே அதன் இயல்பான அளவு. ஆதலின் அறிஞர்கள் இம்முறைகளை ஒன்றோடொன்று இணைக்கலாயினர். கோட்டொளியோடு, பக்கத்திலிருந்து மெல்லிய தகடுபோல் ஒளியைப் பாய்ச்சும் முறையைச் சேர்த்து, உயிரணுவை வருத்தாமல் படமெடுக்கும் கருவியைப் பெட்சிக் குழுவினர் 2014இல் அமைத்தனர். ஹெல் குழுவினரோ, வளைய ஒளியையும் மூலக்கூறுகளைத் தனித்தனியே ஒளிரச் செய்யும் முறையையும் இணைத்து, ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஓரிரு பங்கு வரை இடம் குறிக்கும் திறனை 2016இல் எய்தினர். இக்கூட்டு முறையால், உயிருள்ள உயிரணுவினுள் சுமை தாங்கிச் செல்லும் கினேசின் என்னும் புரதம் அடிமேல் அடி வைத்து நடந்து செல்வதை 2023இல் அறிஞர்கள் பின்தொடர்ந்து கண்டனர்.

இதனால் ஆபே கண்ட விதி பொய்த்ததா? இல்லை. ஒளி இன்றும் அவ்விதிப்படியே நடக்கிறது. அவ்விதியை நன்கு அறிந்தமையாலேயே, அதனை மீறாமல் சுற்றிச் செல்லும் வழியை அறிஞர்கள் கண்டுகொண்டனர்.

முடிவுரை

எல்லை எங்கே உள்ளது என்பதை நேர்மையுடன் அளந்து கூறுவதும் அறிவியலுக்குச் செய்யும் பெருந்தொண்டே. தம் கணக்குத் தோற்றபொழுது அத்தோல்வியை மறைக்காமல் ஆராய்ந்ததனால் ஆபே ஒளியின் இயல்பை அறிந்தார். உழைப்பவர் படும் துன்பத்தைக் கண்டு இரங்கியதோடு நின்றுவிடாமல், அதனையும் அளந்து காட்டியதனால் எட்டு மணி நேர வேலையின் நன்மையை மெய்ப்பித்தார். கைத்திறனும் கணிதமும் வேதியியலும் கூடிய யேனாவின் கூட்டு முயற்சி, இன்று பல முறைகளை இணைத்து உயிரணுவை உயிரோடு காணும் அறிஞர்களின் கூட்டு முயற்சியாக வளர்ந்துள்ளது. உணவு ஏனத்தைச் சுமந்து நூற்பாலைக்கு நடந்த சிறுவன் விட்டுச் சென்ற செல்வம் இதுவே. அறிவைப் பிறர் நலத்திற்கு உரியதாக்கிய அப்பெருந்தகையின் புகழ், ஒளியை நாடும் மக்கள் உள்ளவரை நின்று நிலவும்.